மரியதாஸ் கோச் செய்யாத பிழை

செய்தி வந்தபோது நான் சலூன் கதிரையில் சாய்ந்திருந்தேன். ஒரு கன்னம் வழித்து முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. சல்லிக் கிராமத்திலிருந்து சுதன் தொலைபேசி எடுத்தான். ஒரு காலத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் இடதுகால் ஆட்டக்காரன், இப்போது சொந்தப் படகு வைத்துக் கடற்றொழில் செய்கிறவன். "சேர், கோச் மோசம் போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவராம், அப்பிடியே..." என்றான். மிச்சம் அழுகையில் அடிபட்டுப் போனது. நான் கேட்ட முதல் கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "போன செவ்வாய் கிளினிக்குக்குப் போனவரோ?" என்று கேட்டேன். "இல்லை சேர்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பாதி முகத்தோடு எழும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கிளினிக் கதையைக் கேளுங்கள். இருதயத்தில் அடைப்பு என்று தெரிந்து ஒன்றரை வருடம். செவ்வாய்க்கிழமை காலையில் கிளினிக், செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி. இரண்டுக்கும் இடையில் ஒரு மத்தியானம் முழுக்கக் கிடக்கிறது. ஆனால், என்னை 'ஐசே' என்று மட்டுமே கூப்பிட்ட இந்த மனிதர் சொன்ன நியாயம் இது: "கிளினிக்குக்குப் போனா டொக்டர் கத்தக்கூடாது எண்டுவார் ஐசே. காலமை அவர் சொல்ல, பின்னேரம் நான் போய்க் கத்தினா அது அந்தாளுக்குச் செய்யிற மரியாதையில்லை. அதாலதான் போறேல்லை." இப்படிப்பட்ட மனிதரோடு என்னதான் கதைப்பது? அவருடைய மனைவி பிலோமினா அக்கா கெஞ்சினார், நான் ஏசினேன். இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டுப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவரை விளையாட்டுக்காரனாகக் காணாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தோனிப்பிள்ளை மரியதாஸ் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தடியில் பிறந்து, கொழும்பில் பெரிய கழகமொன்றுக்குச் சம்பளத்துக்கு விளையாடி, பிறகு மாலைதீவிலும் இரண்டு பருவம் விளையாடியவர். முழங்கால் போனதும் ஊருக்குத் திரும்பி எங்கள் கழகத்துக்குப் பயிற்றுநரானார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் கோச். நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன், கழகத்தின் செயலாளர். அவர் கத்துவார், நான் எழுதுவேன். அவர் யாரோடாவது கொளுவுவார், நான் மன்னிப்புக் கடிதம் எழுதுவேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதுதான் எங்கள் வேலைப் பங்கீடு.

சேமக்காலையில் அவரைக் குழிக்குள் இறக்குவதற்கு முன், போட்டிகளை நடத்தும் லீக்கைச் சேர்ந்த ஒருவர் பேசினார். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. கோச்சின் திறமையைச் சொன்னார், ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் செய்ததைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரு விசயத்தைத் தவிர அவரில ஒரு குறையும் சொல்லேலாது. மனிசன் எண்டா பிழை விடுறதுதான். அதையும் நாங்கள் மன்னிச்சிட்டம்" என்றார். கூட்டம் தலையாட்டியது. மன்னித்துவிட்டார்களாம்! எனக்குக் காது சுட்டது. என் பக்கத்தில் நின்ற சுதன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னாலதான் சேர் அவர்ர பேர் கெட்டது" என்று முணுமுணுத்தான். நான் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு விசயத்தை மரியதாஸ் கோச் செய்யவில்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பிலோமினா அக்கா என்னிடம் கேட்டபோது, "நல்லதா நாலு பக்கம் எழுதுங்கோ தம்பி" என்றார். நல்லதாக வருமோ தெரியாது, உண்மையாக எழுதப் போகிறேன். ஆனால் அவரோடு நான் மாரடித்த கதையைக் கொஞ்சம் முதலில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இப்படியும் ஒரு மனிதன் செய்வானா என்று கேட்பீர்கள்.

முதலில் பெயர்ப் பட்டியல். போட்டிக்கு முன் பதினொரு பேரின் பெயரையும் நான் நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாக் கழகமும் முதல் நாளே எழுதிவிடும். எங்கள் கோச் மட்டும் விசிலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை ஒரு பெயரும் சொல்லமாட்டார். "இப்பவே பேர் சொன்னா கிடைச்சவன் நித்திரை கொள்ளுவான், கிடைக்காதவன் வீட்ட போயிடுவான். எல்லாரும் பயந்துகொண்டு நிக்கட்டும்" என்பார். பயந்துகொண்டு நின்றது நான்! நடுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், நான் கோச்சைப் பார்ப்பேன், கோச் வானத்தைப் பார்ப்பார். பிறகு மழை மாதிரிப் பெயர்கள் கொட்டும். பாண் சுற்றிய கடதாசியில், பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில், ஒருமுறை என் சேட்டுக் கையிலேயே எழுதியிருக்கிறேன். அந்தச் சேட்டைத் தோய்த்த என் மனைவி, உங்களுக்குத் தெரிந்த நல்லவர் ஒருவரும் இல்லையா என்று கேட்டாள்.

அடுத்தது பயிற்சி. கடற்கரை மைதானத்தில் பிள்ளைகள் ஆசை ஆசையாகப் பந்தோடு வருவார்கள். கோச் பந்துகளை வாங்கி வலைப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, அரைமணி நேரத்துக்கு மேல் பந்தில்லாமல் ஓடவிடுவார். இல்லாத பந்துக்கு ஓடு, இல்லாத பந்தை வாங்கு, இல்லாத பந்தை அவனுக்குக் கொடு. எங்கள் ஊர்க் கடற்கரையில் மேய்ந்து திரியும் மான்கள்கூட ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு தகப்பன் என்னிடம் வந்து, "செயலாளர், உங்கட கோச்சுக்கு விசரோ?" என்று கேட்டார். நான் போய்க் கோச்சிடம் கேட்டேன். "ஐசே, ஒரு மேட்ச் முழுக்க ஒருத்தன்ர காலில பந்து கிடக்கிற நேரத்துக்க ஒரு பிளேன்டி குடிச்சு முடிக்கேலாது. மிச்ச நேரம் அவன் என்ன செய்யிறான்? அதைத்தான் நான் சொல்லிக் குடுக்கிறன்" என்றார். தகப்பனிடம் போய் அதையே சொன்னேன். அவர் என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பொய் சொல்லாத மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏலாது. மாலைதீவில் அவர் அடித்த கோல் ஒன்று இருக்கிறது. முதன்முதல் நான் கேட்டபோது அது பெனால்டிப் பெட்டிக்குள் இருந்து அடித்த கோல். சில வருடத்தில் பெட்டிக்கு வெளியே வந்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டில் கேட்டபோது பந்து நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது, காற்றும் எதிர்க்காற்றாக மாறியிருந்தது. "இன்னும் ரெண்டு வருசத்தில நீங்கள் அதைத் திருகோணமலையில இருந்து அடிச்சிருப்பியள்" என்றேன். "அடிக்க ஏலாதெண்டு சொல்லுறீரோ?" என்று கோபித்தார். சின்னச் சின்னப் பொய்களில் மன்னன் அவர். பெரிய பொய் ஒன்றுதான் சொன்னார், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இன்னொன்று. எங்கள் மைதானம் கல்லுத் தரை. அதனால் பருவம் தொடங்கும் முதல் கிழமை முழுக்க அவர் விழத்தான் சொல்லிக்கொடுப்பார். "விழுறதும் ஒரு வேலை. கையை ஊண்டாதே, ஊண்டினா முறியும். தோளைக் குடு, உருளு, எழும்பு." அறுபது வயது தாண்டியும் தானே விழுந்து காட்டுவார். எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். உதவிக்குக் கை கொடுத்தால் தட்டிவிடுவார். எத்தனை தரம் கை கொடுத்திருப்பேன், ஒருநாளாவது பிடிக்க வேண்டுமே!

இனி அந்த விசயம். பதினைந்து வருடங்களுக்கு முன் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் எங்கள் கழகம் முதன்முதலாக இறுதிப் போட்டிக்கு வந்தது. வரவைத்தவன் சுதன். அவன் யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் காட்டுக்குள் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியும் இல்லை, பதிவும் இல்லை. பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தோடு படிக்கச் சேர்த்துச் சமாளித்திருந்தார்கள். போட்டிக்கு அது போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கும். வைத்திய அதிகாரி பல்லையும் எலும்பையும் பார்ப்பார், பெற்றோர் சத்தியக்கடதாசி கொடுப்பார்கள், இரண்டையும் வைத்து ஒரு பிறந்த திகதி விழும். அந்த விண்ணப்பங்களை நிரப்புவது என் அலுவலக வேலைகளில் ஒன்று. சுதனின் தாயை நானே கூப்பிட்டு என் மேசைக்கு முன் இருத்தினேன்.

"மாரி மழைக்க பிறந்தவன் தம்பி. நாங்கள் காட்டுக்க இருந்த முதலாம் மாரியோ ரெண்டாம் மாரியோ, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்லை" என்றார் அந்த அம்மா. வைத்திய அதிகாரியும் இரண்டில் எந்த வருடமாகவும் இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார். பிறகு, நான் கேட்காமலே, அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "நாங்கள் ஊருக்குத் திரும்பி வரேக்க இவன் என்ர கையைப் பிடிச்சு நடந்து வந்தவன்." அவர்கள் எப்போது திரும்பினார்கள் என்பது என் அலுவலகக் கோவையிலேயே எழுதியிருந்தது. இரண்டாம் மாரியில் பிறந்த பிள்ளை அப்போது நடந்திருக்க முடியாது, இடுப்பில்தான் வந்திருக்கும். விரல் விட்டு எண்ணத் தெரிந்த எவனுக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. முதலாம் மாரி என்று எழுதினால் சுதனுக்கு நாலு மாதத்தால் வயது தாண்டிவிடும். இரண்டாம் மாரி என்று எழுதினேன். அந்த அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, "பெரிய உதவி தம்பி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதில் கோச்சுக்கு ஒரு துளி சம்பந்தமும் இல்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் சான்றிதழைக் காட்டினேன், அவர் "சரி" என்றார், அவ்வளவுதான்.

இறுதிப் போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அந்த அம்மா மைதானத்துக்கு வந்தார். கையில் பொலித்தீன் பைக்குள் மஞ்சள் பூசிய கொப்பி ஒன்று. சுதனின் சாதகக் குறிப்பு! தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்ததாம், தம்பலகாமத்தில் தமையன் வீட்டுப் பெட்டிக்குள் கிடந்து அகப்பட்டதாம். மகனுக்கு அடிக்கடி கால் பிரளுகிறதே என்று சாத்திரியாரிடம் காட்டியிருக்கிறார். "சனிக்கிழமை காலில கண்டமாம் சேர். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவனை விடுங்கோ" என்று கோச்சிடம் மன்றாடினார்.

கோச் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், சாதகம் சாத்திரம் என்றால் அவருக்குப் பகிடி. "எங்க, காட்டுங்கோ அம்மா, சனியன் எந்தப் பக்கத்தால வாறான் எண்டு பாப்பம். அந்தப் பக்கம் ரெண்டு டிபென்ஸ் கூடப் போட்டா விசயம் முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே கொப்பியை வாங்கினார். பிறந்த வருடம், மாதம், நாழிகை எல்லாம் முதற் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய சிரிப்பு நின்றது. கொப்பியை மூடி, பைக்குள் பத்திரமாக வைத்து, "நீங்கள் யோசியாதேங்கோ, சனிக்கிழமை அவனை இறக்கேல்லை" என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பினார். அவர் சந்தோசமாகப் போனார். ஊரில் எத்தனையோ சாத்திரிகள் இருக்க, இந்தத் தாய்க்கு அந்தக் கிழமைதானா ஒருவர் வாய்க்கவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

கழக அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "ஐசே, இது உமக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "தெரியும்" என்றேன்.

பிறகு படபடவென்று பேசினேன். சாதகக் குறிப்பு எந்தச் சட்டத்திலும் செல்லாது, அரசாங்கம் கொடுத்த கடதாசிதான் செல்லும், நாலே நாலு மாதம், யாருக்கும் தெரியாது, மற்றக் கழகத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் தொட்டில் பிள்ளைகளா?

"பேப்பர் சரி ஐசே. பெடியன்ர வயசு பிழை" என்றார்.

"அப்ப சுதனை விட்டிட்டு மற்றவங்களை இறக்குவம். காயம் எண்டு சொல்லுவம்."

"செமி பைனல்ல ரெண்டு கோலும் அடிச்சது ஆர்? நீரோ?"

"அப்ப நான் போய்ச் சொல்லுறன்" என்றேன். இங்கேயும் உண்மையைச் சொல்லவேண்டும். அவர் தடுப்பார் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நான் கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை.

"விசர்க் கதை கதையாதேயும். நீர் போனா உம்மட வேலை போகும். பொய்ச் சத்தியம் பண்ணினவ எண்டு அந்த மனிசியையும் இழுத்தெடுப்பாங்கள். நான் போனா நான் மட்டும்தான். எனக்கு விழப் பழக்கம்."

அடுத்த நாள் காலையில் லீக் அலுவலகத்துக்குப் போய்க் கடிதம் கொடுத்தார். வாழ்நாளில் அவர் தானாக எழுதிய ஒரே கடிதம் அதுதான், மிச்சமெல்லாம் நான் எழுதியவை. கடிதத்தைப் பிறகு வாசித்தபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. 'வயதில் தவறு நேர்ந்துள்ளது, அணியை விலக்கிக்கொள்கிறோம்' என்று இரண்டு வரி போதும். ஒரு சின்ன விசாரணையோடு முடிந்திருக்கும். இந்த மனிதர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். சுதனுக்கு வயது கூடிவிட்டது என்று தனக்கு முதலே தெரியுமாம், கிண்ணத்துக்கு ஆசைப்பட்டுத் தானே பிழையான வருடத்தைச் சொல்லிக்கொடுத்தாராம், தாயும் செயலாளரும் தன்னை நம்பி ஏமாந்தவர்களாம். ஏமாந்தவனாம் நான்! இவ்வளவு பெரிதாக விழவேண்டிய தேவை என்ன இருந்தது என்று சண்டை பிடித்தேன். "அரைகுறையா விழுந்தா ரெபரி நம்பமாட்டான்" என்றார்.

நம்பினார்கள். எதிரணி விளையாடாமலே கிண்ணத்தைக் கொண்டு போனது. கோச்சுக்கு இரண்டு வருடத் தடை, மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அது பெரிய இழப்பில்லை. கொழும்பில் இளையோர் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்றுநராக வரும்படி அவருக்கு அதற்கு முந்தின மாதம்தான் அழைப்பு வந்திருந்தது. அவர் வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்திருந்த அழைப்பு. பிலோமினா அக்கா அலுமாரியிலிருந்து உடுப்புகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார். அழைப்பை வாபஸ் வாங்கிக் கடிதம் வந்தது. மறுபடி ஒருநாளும் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. மீன் சந்தையில், பஸ் நிலையத்தில், 'வயசு களவெடுத்த கோச்' என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வது என் காதில் விழும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அந்த இரண்டு வருடமும் சும்மா இருந்தாரா? இருந்தால் அவர் மரியதாஸ் இல்லையே. வீதியில் நின்று கம்பி வேலிக்குள்ளால் கத்தினார். வீதியில் நின்று கத்தவும் கூடாது என்று லீக்கிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த போட்டிக்கு வேலிக்கு அருகே, பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுபவர் எங்கள் பழைய கோல் காப்பாளர். கோச் உள்ளே, மாலுப் பாணுக்கும் கிம்புலா பணிசுக்கும் நடுவில் குந்திக்கொண்டிருந்தார். பாட்டு ஒருதரம் ஒலித்தால் முன்னுக்குப் போ, இரண்டுதரம் என்றால் பின்னுக்கு வா. பிள்ளைகள் அதற்கேற்றபடி ஆடினார்கள். பாட்டைக் கேட்டுப் பாண் வாங்க வந்த சனத்துக்கு விற்க நேரமில்லை என்று ஓட்டோக்காரர் ஏசினார். எதிரணி முறைப்பாடு செய்தது. 'மேற்படி பாண் வாகனத்துக்கும் எமது கழகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று நான் என் பெயரில் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினேன். அதை எழுதும்போது சிரித்தேன். எழுதி முடித்துவிட்டு அழுதேன்.

சொல்லவிடுங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டேன். "வாயை மூடும் ஐசே. அந்த மேட்ச் முடிஞ்சுது" என்பார். மேலே கதைத்தால் எழும்பிப் போய்விடுவார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அவர்தானே சொல்லவேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய ஏலும் என்று. ஆனால் நான் ஓய்வுபெற்று நாலு வருடம். இனி என் வேலையை யாரும் பறிக்க முடியாது. சுதனின் தாய் மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார், இனி அவரையும் யாரும் விசாரிக்க முடியாது. கோச் எங்களுக்காகப் பயந்த ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த மூன்று வருடமும் நான் வாயை மூடியிருந்தது அவர் சொன்னதற்காக இல்லை. வெட்கம், அவ்வளவுதான். செயலாளர் ஐயா என்று ஊர் சொல்வதை விட மனமில்லை. அவர் கிளினிக்குக்குப் போகவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமைகளில், அவர் உயிரோடு இருக்கும்போதே லீக் அலுவலகத்துக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். நானும்தான் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சல்லிக்குப் போய்ச் சுதனிடம் சொன்னேன். படகடியில் வலை தட்டிக்கொண்டிருந்தான். கடைசிவரை கேட்டான். "இவ்வளவு வருசமும் அவர் எனக்காகக் களவு செய்தவர் எண்டு நினைச்சு, அவர்ர முகத்தை நேர பாக்காமத் திரிஞ்சனான் சேர்" என்றான். பிறகு, "நீங்கள் இப்ப போங்கோ. நான் கதைச்சா பிழையாக் கதைச்சிடுவன்" என்றான். போனேன்.

இதுவரை எழுதியதை நேற்றுப் பின்னேரம் பிலோமினா அக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவிக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்? இரண்டாம் மாரி என்று நான் எழுதிய இடம் வந்தபோது அக்காவின் கை பிசைந்துகொண்டிருந்த மாவோடு அப்படியே நின்றது. அப்போதுதான் விளங்கியது, இந்த மனிதர் இவருக்கும் சொல்லவில்லை.

"பதினைஞ்சு வருசம் தம்பி" என்றார். "எங்களுக்க என்ன சண்டை வந்தாலும் கடைசியில நான் அதைத்தான் எடுத்து எறியிறனான். கள்ள வயசு போட்டுத்தானே எங்கட வாழ்க்கையைக் கெடுத்தனீங்கள் எண்டு. ஒருநாளும் திருப்பிக் கதைச்சதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவார். செய்த பிழைதான் வாயைக் கட்டுது எண்டு நான் நினைச்சன். சாகிறதுக்கு முதல் நாளும் சொன்னனான் தம்பி. முதல் நாளும் சொன்னனான்."

"நான் இப்ப என்ன செய்ய அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு எழுத்தும் குறையாதேங்கோ" என்றார். "முப்பத்தோராம் நாள் பூசை முடிய, எல்லாச் சனமும் நிக்கேக்க, நீங்களே எழும்பி வாசியுங்கோ. எனக்கு மட்டும் வந்து சொல்லிப்போட்டு நிம்மதியாப் போகேலாது."

வாசிப்பேன். லீக்குக்கும் இன்றைக்கே கடிதம் அனுப்பியிருக்கிறேன், ஒரு பக்கம் முழுக்க. அவர் பெயரிலிருந்து அந்தத் தடையை அழிக்கும்படி கேட்டிருக்கிறேன். செத்த மனிதருக்கு இனி அது எதற்கு என்று யாராவது கேட்டால், சேமக்காலையில் அவரை மன்னித்த உங்களுக்கு அது தேவை என்பதுதான் என் பதில்.

நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா அவருடைய சாமான்கள் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. என்னுடையது ஒன்று அவரிடம் இருந்தது. பதினைந்து வருடம் அதைத் தன் பெயரில் வைத்திருந்து, கேட்டபோதெல்லாம் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். தட்டிவிட இப்போது அவர் இல்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். சுதனின் வயதைத் தெரிந்துகொண்டே குறைத்து எழுதியவன் நான்.

கனகசபை யோகநாதன்
கழகச் செயலாளர்